கணக்குப்பிள்ளை பதில்கள்: கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கடன் நினைவூட்டலா?

(வியாபாரக் கணக்கு, மென்பொருள் தொடர்பான வாசகர் கேள்விகளுக்குக் கும்பகோணத்திலிருந்து கணக்குப்பிள்ளை பதில் சொல்கிறார். இந்த இதழுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ‘தானாக ஓடும் விதிகள்’ பற்றியவை.)

கே: நீடாமங்கலத்தில் உரம், விதை, பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுத்தவர், பில் போட்ட 30-ஆம் நாள் பாக்கிதாரருக்குத் தானாக எஸ்.எம்.எஸ். போகும்படி செய்துவிட்டுப் போனார். மார்கழியில் சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் செய்தி போய்விட்டது. “பயிர் வயல்ல நிக்குது, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று கடைக்கே வந்து சத்தம் போட்டார்கள். பழைய வாடிக்கைகள் சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். இந்த ஆட்டோமேஷனையே எடுத்துவிடலாமா ஐயா?
— உரக்கடைக்காரர், நீடாமங்கலம்

ப: எடுக்க வேண்டாம். செய்தி போனதில் தப்பில்லை, 30 என்ற எண்ணில்தான் தப்பு. மருந்து ஏஜென்சிக்கும் ஹார்டுவேர் மொத்தக் கடைக்கும் பொருந்தும் எண் அது. அங்கே சரக்கு வாங்கியவர் அடுத்த வாரமே விற்றுக் காசாக்கிவிடுவார். நம் பக்கத்து விவசாயி கையில் காசு புரள்வது வருஷத்துக்கு ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம். கார்த்திகையில் மேலுரம் வாங்கியவருக்கு 30 நாள் கணக்குப் போட்டால் மார்கழி வரும். கதிர் பால் பிடிக்கும் நேரம். அப்போது அவரிடம் என்ன இருக்கும் என்று கேட்கிறீர்கள்?

அமைத்துக் கொடுத்தவர் உங்கள் பழைய கடன் நோட்டை ஒரு தடவை புரட்டியிருந்தால் போதும். சம்பா பாக்கி எல்லாம் தை, மாசியில்தான் வரவு வைக்கப்பட்டிருக்கும். கணினிக்கு முன் உட்காருவதற்கு முன்னால் நோட்டின் முன் உட்கார வேண்டும் என்று நான் வருகிற பிள்ளைகளிடம் எல்லாம் சொல்வதுண்டு. கேட்பவர் குறைவு.

எந்த மென்பொருளை எடுத்தாலும் தானாக ஓடும் விதிக்கு மூன்று கேள்வி உண்டு. எதைப் பார்த்துக் கிளம்ப வேண்டும்? யாருக்குப் பொருந்தும்? கிளம்பியபின் என்ன செய்ய வேண்டும்? ஸோஹோ புக்ஸ், ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் ஒவ்வொன்றிலும் திரை வேறு வேறாக இருக்கும், கேள்வி இந்த மூன்றுதான். உங்கள் விதியில் முதல் கேள்விக்குப் பில் தேதியைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவதைக் காலியாக விட்டுவிட்டார்கள். அதனால்தான் பாரபட்சமில்லாமல் எல்லாருக்கும் போயிற்று.

முதலில் பில் திரையில் ‘பருவம்’ என்று ஒரு கட்டம் சேருங்கள். குறுவை, சம்பா, தாளடி, மற்றவை என்று நான்கு தேர்வு போதும். பில் போடும் பையன் ஒன்றைத் தொடாமல் பில் சேமிக்கக் கூடாது என்று கட்டாயமாக்கிவிடுங்கள். பிறகு, கெடு நாள் பில் தேதியிலிருந்து பிறக்காமல் பருவத்திலிருந்து பிறக்க வேண்டும்.

இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. குறுவைக்கு ஐப்பசி, சம்பாவுக்கு மாசி என்று நிரந்தரமாக எழுதிவிடலாமே என்று தோன்றும். மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறப்பது மரபு. ஆனால் 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. இரண்டுக்கும் இடையே இரண்டு மாதத்துக்கு மேல் வித்தியாசம். அதனால் தேதியை விதிக்குள் எழுதவே கூடாது. அமைப்புப் பக்கத்தில் ஒரே இடத்தில் இந்த வருஷத்துக் குறுவைக் கெடு, சம்பாக் கெடு, தாளடிக் கெடு என்று மூன்று தேதி வைத்துக்கொள்ளுங்கள். விதி அங்கே போய் எடுத்துக்கொள்ளட்டும். தண்ணீர் திறந்து, கல்லணை தாண்டி, உங்கள் வாய்க்காலில் வந்ததைப் பார்த்தபின் நீங்களே அந்த மூன்று தேதியை முடிவு செய்யலாம். பம்ப்செட் வைத்திருப்பவர் அணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். அவருக்குக் குறுவை முந்திவிடும். வாடிக்கையாளர் பக்கத்தில் ‘பம்ப்செட் உண்டு’ என்று ஒரு டிக் வைத்து, அவருக்குக் கெடுவை அதற்கேற்ப முன்னால் தள்ளுங்கள்.

விதையும் நீங்களே விற்பதால் இன்னொரு வசதி இருக்கிறது. ஆடுதுறை 43 வாங்கியவர் ஏறக்குறைய 110 நாளில் அறுப்பார். சி.ஆர். 1009 வாங்கியவருக்கு ஐந்து மாதம் தாண்டும். ரகத்தின் வயதை ஸ்டாக் பட்டியலிலேயே பதிந்துவைத்தால் கெடு இன்னும் துல்லியமாகும். இது முதல் வருஷமே வேண்டாம். பருவக் கட்டம் ஒரு போகம் ஒழுங்காக ஓடட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அமைப்பவரிடம் ஒன்று மட்டும் இப்போதே கேட்டுவையுங்கள்: நடுவில் கெடுத் தேதியை மாற்றினால் ஏற்கெனவே போட்ட பில்களிலும் மாறுமா? பல இடங்களில் மாறாது, புதுப் பில்லுக்கு மட்டும்தான் எடுக்கும். அப்படியானால் பழைய பில்களை மொத்தமாகத் திருத்தும் வழியையும் அவரே காட்டிவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது கேள்வி, யாருக்கு. உங்கள் விதியில் இரண்டு நிபந்தனை கட்டாயம் இருக்க வேண்டும். பாக்கி பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது ஒன்று. இதை மறந்து, பணம் கட்டினவருக்கும் செய்தி அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்ட கடைகள் உண்டு. அடுத்தது ‘நிறுத்திவை’ என்ற டிக். அதை ஆள்வாரியாகவும் ஊர்வாரியாகவும் போட முடிய வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த வாரம் ஓலைக்கூரை பறந்துபோன வீட்டுக்கு “தங்கள் பாக்கி” என்று ஒரு செய்தி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெள்ளம் வந்தால் அந்த ஊர்ப் பெயரைத் தொட்டு எல்லாச் செய்தியையும் ஒரே அடியில் நிறுத்துகிற வழி உங்கள் கையில் இருக்க வேண்டும், அமைத்துக் கொடுத்தவர் கையில் இல்லை.

மூன்றாவது, என்ன செய்ய. கெடுவுக்குப் பத்து நாள் முன்னால் ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். போதும். வியாபார எஸ்.எம்.எஸ். அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் உங்கள் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்த வாசகத்தில் பெயர், தொகை மாதிரி இடங்களை மட்டும்தான் மாற்றலாம். அதனால் சொல்லைப் பார்த்து எழுதுங்கள். தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 70 குறிதான். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 70-ஐத் தாண்டினால் இரண்டு செய்திக்குக் காசு. “சம்பா பாக்கி ரூ.8,400. அறுவடை முடிந்ததும் தரவும்.” என்பது 49 குறியில் முடிகிறது, கடைப் பெயருக்கும் இடம் இருக்கிறது. “தவறினால் நடவடிக்கை” என்கிற பல்லவி வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் தானாக அனுப்பவும் இதே கதைதான். வாசகத்துக்கு முன் அனுமதி வாங்கி அதிகாரபூர்வமான வழியில் அனுப்ப வேண்டும். சும்மா கிடைக்கிற கருவியை உங்கள் சொந்த எண்ணில் மாட்டிவிட்டால் எண்ணையே முடக்கிவிடுவார்கள்.

கெடு தாண்டியவருக்கு எந்திரம் செய்தி அனுப்பக் கூடாது. உங்களுக்கு ஒரு பட்டியல் தர வேண்டும், ஊர்வாரியாக. அடுத்த செவ்வாய் அந்தப் பக்கம் போகும்போது களத்துமேட்டில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். ஞாபகம் வைக்கிற வேலை அதனுடையது, கேட்கிற வேலை உங்களுடையது.

மானிய உரத்துக்குக் கைரேகை வைத்து பி.ஓ.எஸ். கருவியில் போடுகிற பில் தனி உலகம். அதை உங்கள் கணக்கில் மறுபடி பதிகிறபோதும் பருவம் போட மறக்காதீர்கள். அங்கேதான் பையன்கள் தாவிவிடுவார்கள்.

கே: எங்கள் கடையில் வருஷக்கணக்காக டேலிதான். அதிலேயே இதெல்லாம் செய்ய முடியாதா?
— பாத்திரக் கடை, மயிலாடுதுறை

ப: பாதி முடியும். பில்வாரிக் கணக்கை இயக்கி, ஒவ்வொருவருக்கும் தவணை நாள் போட்டால் நிலுவைப் பட்டியலும் நினைவூட்டல் கடிதமும் டேலிபிரைமில் வரும். 4.0 பதிப்பிலிருந்து வாட்ஸ்அப் இணைப்பும் இருக்கிறது. ஆனால் ‘இது நடந்தால் அதைச் செய்’ என்று நீங்களாகத் திரையில் விதி அமைக்க முடியாது, டேலியின் நிரல்மொழியான டி.டி.எல். எழுதத் தெரிந்தவர் வேண்டும். பாத்திரக் கடைக்கு அந்தப் பாதியே போதும். மாற்றாதீர்கள்.

கே: மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை. நெல் லோடு வந்ததும் எடை, ஈரப்பதம் பதிந்து, 17 சதத்துக்கு மேல் இருந்தால் என் ஒப்புதல் இல்லாமல் இறக்கக் கூடாது என்று ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஒர்க்ஃப்ளோ (படிப்படியான ஒப்புதல் வரிசை) போட்டிருக்கிறோம். இரண்டு தொல்லை. நான் கல்யாணம், காரியம் என்று வெளியூர் போனால் லாரி வாசலிலேயே நிற்கிறது. இன்னொன்று, எப்படியோ 18, 19 சதம் நெல் ஒப்புதல் இல்லாமலே உள்ளே போயிருக்கிறது.
— ஆலை உரிமையாளர், மன்னார்குடி

ப: இரண்டாவதை முதலில் பார்ப்போம், அது சின்ன வேலை. ஈஆர்பிநெக்ஸ்ட் ஒர்க்ஃப்ளோவில் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகிற ஒவ்வொரு வரியிலும் ‘தன் பதிவைத் தானே ஒப்புக்கொள்ளலாம்’ என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுங்கள். எடைமேடையில் பதிகிறவருக்கே மேலாளர் பொறுப்பும் கொடுத்திருப்பீர்கள். அவர் பதிவார், அவரே பொத்தானை அழுத்துவார். ஆள் குறைவான ஆலையில் ஒரே ஆளுக்கு எல்லாப் பொறுப்பும் கொடுத்துவைப்பது சகஜம், வசதிக்காகத்தான் செய்கிறோம். ஆனால் அப்புறம் ஒப்புதல் என்ற சொல்லுக்கு வேலையில்லை.

இதோடு ஒன்று. ஈரப்பதக் கட்டம் காலியாக இருந்தால் உங்கள் விதி என்ன செய்கிறது? பல மென்பொருள்களில் காலிக் கட்டத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் 17-க்குக் கீழேதானே! நெல் ஜம்மென்று உள்ளே போய்விடும். அந்தக் கட்டத்தையும் கட்டாயமாக்கி, 8-க்குக் கீழ் எண் வந்தாலும் நிறுத்தும்படி செய்யுங்கள். கையடக்க மீட்டரில் அவ்வளவு காய்ந்த நெல் நம் ஊர் அறுவடைக் காலத்தில் வரவே வராது.

இனி, லாரி நிற்பது. இது மென்பொருள் பிரச்சினை இல்லை, நீங்கள் ஒருவரே வாசல் என்பதுதான் பிரச்சினை. பெல்ட் மிஷினில் அறுத்து நேரே ஏற்றிவந்த ஈர நெல் மூட்டைக்குள் சூடேறும். சாயங்காலம் வரை தார்ப்பாய்க்குள் கிடந்தால் அரிசி பழுத்துவிடும். அப்புறம் நீங்கள் ஒப்புதல் கொடுத்து என்ன, கொடுக்காமல் என்ன? மூன்று படியாகப் பிரியுங்கள். 17 வரை யாரையும் கேட்க வேண்டாம். 17-க்கு மேல் 20 வரை மேலாளர் முடிவு செய்யலாம், விலையில் எவ்வளவு பிடிப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே பட்டியலாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். 20-க்கு மேல் உங்களிடம் வரட்டும். ஒரு மணி நேரத்துக்குள் நீங்கள் தொடாவிட்டால் வீட்டில் இன்னொருவருக்குப் போகட்டும். மணிக்கணக்கில் நினைவூட்டுவதற்கு அமைப்பவர் தனியாகச் சில வரி நிரல் எழுத வேண்டியிருக்கலாம்; நாள்கணக்கு என்றால் சுலபம். விலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், பிறகு ‘அது கூடுதல் வேலை சார்’ என்று கேட்க நேராது.

17, 20 என்ற எண்களையும் விதிக்குள் எழுத வேண்டாம். மழை வருஷங்களில் அரசுக் கொள்முதலுக்கே ஈரப்பத வரம்பைத் தளர்த்துவதுண்டு. அரவை முகவராக இருந்து அரசு நெல்லையும் அரைக்கிறீர்கள் என்றால் அந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு, சொந்தக் கொள்முதலுக்கு ஒரு வரம்பு என்று பிரித்தே வையுங்கள். அரசு நெல்லுக்கு புழுங்கல் என்றால் 100 கிலோவுக்கு 68 கிலோ அரிசி, பச்சை என்றால் 67 கிலோ திருப்பித் தர வேண்டுமே. இரண்டு நெல்லும் ஒரே ஒர்க்ஃப்ளோவில் ஓடினால், இரண்டும் ஒரே குடோன் கணக்கில் கலந்து நிற்கும். மாசக் கடைசியில் பிரிக்க முடியாது.

கே: திருவாரூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பில்லிங், நினைவூட்டல், ஸ்டாக் குறைந்தால் ஆர்டர் எல்லாவற்றையும் தானாக ஓடும்படி செய்கிறார்கள். என் வேலை போய்விடுமா சார்?
— ஒரு வாசகி, திருவாரூர்

ப: தட்டச்சு வேலை குறையும்மா. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அமைத்துக் கொடுத்தவர் போனபின், எந்த விதி எதற்காகப் போட்டது என்று தெரிந்த ஆள் ஒருவர் அலுவலகத்தில் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருங்கள். அமைக்கும் நாட்களில் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். ஒவ்வொரு விதிக்கும் நோட்டில் ஒரு பக்கம்: எப்போது ஓடும், யாருக்கு, யார் சொல்லிப் போட்டது, எப்படி நிறுத்துவது. தமிழிலேயே எழுதுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் இணைப்பு, வங்கி இணைப்பு எல்லாவற்றையும் யாருடைய லாகினில் போடுகிறார்கள்? ஒருவருடைய சொந்த மின்னஞ்சலில் போட்டுவிட்டு, அவர் வேலையை விட்டுப் போய் லாகினை மூடியதும், அதில் தொங்கிக்கொண்டிருந்த விதிகள் சத்தமில்லாமல் நின்றுவிடும். யாருக்கும் தெரியாது. கம்பெனி பெயரில் பொது மின்னஞ்சல் ஒன்று திறக்கச் சொல்லுங்கள். முதலாளியிடம் இதை எடுத்துச் சொன்னாலே உங்கள் மேல் அவருக்கு ஒரு மதிப்பு வந்துவிடும்.

கே: திருபுவனத்தில் பட்டுச்சேலை விற்பனை. பழைய பில்களைப் புது மென்பொருளில் ஏற்றிய அன்று, பழைய வாடிக்கையாளர் பலருக்கு “வாங்கியதற்கு நன்றி” என்று செய்தி போய்விட்டது. முகூர்த்தச் சேலை வாங்கிய சிலர், ‘கல்யாணமாகிப் பிள்ளையே பிறந்துவிட்டது’ என்று சிரித்தார்கள். போகட்டும். ஆனால் இப்போது ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே செய்தி திரும்பத் திரும்பப் போகிறது. ஏன்?
— பட்டு விற்பனையாளர், திருபுவனம்

ப: முதலாவதற்குக் காரணம், ‘புதுப் பில் உருவானால்’ என்ற விதிக்குப் பழைய பில்லும் புதிதுதான், இன்றைக்குத்தானே ஏற்றினீர்கள். மொத்தமாக ஏற்றுகிற நாளில் எல்லா விதியையும் அணைத்துவிட வேண்டும். ‘பில் தேதி நேற்றைக்கு முந்தியது என்றால் வேண்டாம்’ என்று ஒரு நிபந்தனையும் சேர்த்துவிட்டால் அணைக்க மறந்தாலும் தப்பிக்கலாம்.

இரண்டாவதற்கு, உங்களிடம் ஒன்றையொன்று கிளப்பிவிடும் இரண்டு விதி இருக்கும் என்று நினைக்கிறேன். பில் திருத்தப்பட்டால் செய்தி அனுப்பு என்று ஒன்று; செய்தி போனால் பில்லில் ‘தெரிவித்தாயிற்று’ என்று எழுது என்று இன்னொன்று. எழுதியதும் ஒரு திருத்தம்தான், அதனால் மறுபடி செய்தி. மேல்மடைத் தண்ணீர் கீழ்வயலுக்குப் போய், அங்கிருந்து இறைத்து மேல்வயலுக்கே விட்ட மாதிரி. ‘திருத்தப்பட்டால்’ என்பதை எடுத்துவிட்டு ‘உருவானால்’ என்று மட்டும் வையுங்கள். ஸோஹோ புக்ஸ் என்றால் விதியை ஒரு தடவை மட்டும் ஓட்டவா, ஒவ்வொரு தடவையும் ஓட்டவா என்று கேட்கும் இடம் இருக்கிறது, ஒரு தடவை என்று தேர்ந்தெடுங்கள். இனிமேல் எந்தப் புது விதியைப் போட்டாலும் முதல் இரண்டு வாரம் செய்தி உங்கள் எண்ணுக்கே வரட்டும். வாடிக்கையாளருக்கு என்ன போகும் என்பதை முதலில் படிக்கிற ஆள் நீங்களாக இருக்க வேண்டும்.

கே: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறையும் கடையும். ஜி.எஸ்.டி. பதிவு உண்டு. ரூ.1 லட்சம் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) போட நினைவூட்டும்படி விதி வைத்திருக்கிறோம். காரைக்காலுக்கு ரூ.70,000 சரக்கு அனுப்பியபோது வழியில் நிறுத்தி, இ-வே பில் எங்கே என்று கேட்டார்கள். விதி ஏன் சொல்லவில்லை?
— விளக்குக் கடை, நாச்சியார்கோவில்

ப: ஏனென்றால் நீங்கள் அதற்குக் காரைக்கால் தமிழ்நாடு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். பஸ்ஸில் போகிறவருக்கு எல்லை தெரியாது, பேச்சும் சாப்பாடும் ஒன்றுதான். ஜி.எஸ்.டி.க்கு அது புதுச்சேரி. மாநிலக் குறியீடு 34, நம்முடையது 33. தமிழ்நாட்டுக்குள் அனுப்பினால்தான் ரூ.1 லட்சம் வரம்பு. வெளிமாநிலம் என்றால் ரூ.50,000. மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் காரைக்கால் உட்கார்ந்திருப்பதால் நம் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது. திருநள்ளாறு கடைகளுக்கு அனுப்புவதும் இதே கணக்கு.

விதியை இரண்டாக வெட்டுங்கள். சரக்கு போய்ச் சேரும் மாநிலம் தமிழ்நாடு என்றால் ரூ.1 லட்சம், இல்லை என்றால் ரூ.50,000. ஊர்ப் பெயரைப் பார்க்க வைக்காதீர்கள், மாநிலக் கட்டத்தைப் பார்க்க வையுங்கள். காரைக்கால் வாடிக்கையாளர் முகவரிகளில் மாநிலம் தமிழ்நாடு என்றே பதிவாகியிருக்கும், ஒரு தடவை உட்கார்ந்து திருத்திவிடுங்கள். அதைத் திருத்தினால்தான் பில்லிலும் வெளிமாநில விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. சரியாக விழும். தொகை எந்தக் கட்டத்திலிருந்து எடுக்கிறது என்பதையும் பாருங்கள். வரிக்கு முந்தைய தொகையைப் பார்த்தால், ரூ.49,000 விளக்கு வரியோடு ரூ.50,000-ஐத் தாண்டியதை விதி கவனிக்காது. மொத்தத் தொகைக் கட்டத்தைக் காட்டுங்கள்.

இ-வே பில்லின் இரண்டாம் பகுதியில் வண்டி எண் போட வேண்டும். மாநிலத்துக்குள் லாரி ஆபீஸ் வரை 50 கிலோமீட்டருக்குள் கொண்டுபோனால் அது வேண்டாம் என்று ஒரு சலுகை உண்டு. காரைக்கால் கடைக்கே நேராக அனுப்பும் வண்டிக்கு அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால் நினைவூட்டல் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு வந்து பயனில்லை. பின்கட்டில் வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றுகிறாரே, அவர் போனுக்குப் போகும்படி மாற்றுங்கள்.